கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்? - லம்பேடுசா தீவு சொல்லும் கதை

உலக வரைபடத்தில் இத்தாலியைத் தேடுவது சுலபம். பூட்ஸ் போன்ற நிலம், அதன் நுனியில் சிசிலித் தீவு. அங்கிருந்து இன்னும் கீழே கண்ணை ஓட்டினால், மத்தியத்தரைக் கடலின் நடுவே ஒரு புள்ளி தெரியும். அதுதான் லம்பேடுசா.

பரப்பளவு சுமார் 20 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறக்குறைய 6,000. சிசிலி 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனால், ஆப்பிரிக்க நாடான துனிசியாவின் கரை அதில் பாதித் தூரம்தான். சொல்லப்போனால், துனிசியத் தலைநகர் துனிஸைவிடவும் இந்தத் தீவு தெற்கே இருக்கிறது. தரையடியில் பார்த்தால் ஆப்பிரிக்கா, தரைமேல் பறக்கும் கொடியைப் பார்த்தால் ஐரோப்பா!

ஆமைகள் வரும் கடற்கரை

பலெர்மோ நகரிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் லம்பேடுசா. விமானப் பயணம் வேண்டாம் என்பவர்கள், சிசிலியின் போர்ட்டோ எம்பெதோக்லே துறைமுகத்தில் இரவுக் கப்பலில் ஏறிப் படுத்துவிட்டால் விடியலில் தீவுக்கு வந்துவிடலாம். தீவில் ஊர் என்று இருப்பது ஒன்றுதான். அதன் கடைத்தெரு வியா ரோமா. மாலையானால் ஊரே அங்கேதான். மீன் குழம்பு ஊற்றிய கூஸ்கூஸ் இங்கே வீட்டுச் சாப்பாடு. அதிலும் பக்கத்து ஆப்பிரிக்காவின் கைமணம் தெரியும்.

சுற்றுலாப் பயணிகள் முதலில் ஓடுவது முயல் கடற்கரைக்கு. கண்ணாடி போன்ற நீர், வெள்ளை மணல், எதிரே ஒரு குட்டித் தீவு. 2013-ல் டிரிப் அட்வைசர் தளத்தின் பயணிகள் இதை உலகின் சிறந்த கடற்கரையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கடலாமைகள் முட்டையிட வரும் இடம் என்பதால் இது பாதுகாக்கப்பட்ட பகுதி.

அதே 2013-ஆம் ஆண்டு, அதே கடற்கரைக்கு எதிரில் நடந்த ஒரு சம்பவத்தால்தான் லம்பேடுசாவின் பெயர் உலகம் முழுக்கப் பரவியது.

368 உயிர்கள்

அக்டோபர் 3, விடிவதற்கு முந்தைய நேரம். லிபியாவிலிருந்து 500-க்கும் மேற்பட்டவர்களோடு வந்த படகு, கரைக்கு மிக அருகில் இன்ஜின் பழுதாகி நின்றது. வந்தவர்களில் பெரும்பாலானோர் எரித்ரியா நாட்டினர். கரையில் இருப்பவர்கள் கவனிக்கட்டும் என்று ஒரு போர்வையைக் கொளுத்திக் காட்டினார்கள். தீ பரவியது. பயந்துபோன கூட்டம் ஒரே பக்கமாக ஒதுங்க, படகு கவிழ்ந்தது. 368 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்கள் 155 பேர்.

அந்த இரவு நண்பர்கள் 8 பேர் ஒரு சிறிய படகில் கடலில் இருந்தார்கள். தூரத்தில் கேட்ட சத்தத்தைக் கடற்பறவைகளின் கத்தல் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நெருங்கிப் போன பிறகுதான் அது மனிதக் குரல் என்று தெரிந்தது. அந்தச் சின்னப் படகில் அவர்கள் ஏற்றிக் காப்பாற்றியது 47 பேரை!

கோடு போட்ட கடல்

அடுத்த எட்டாம் நாள், அக்டோபர் 11. இந்த முறை சிரியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்த குடும்பங்கள். படகில் 400-க்கும் மேற்பட்டவர்கள். தண்ணீர் உள்ளே ஏற, படகிலிருந்த ஒரு மருத்துவர் சாட்டிலைட் போனில் இத்தாலியின் மீட்பு மையத்தை அழைத்தார்.

படகு லம்பேடுசாவிலிருந்து ஏறத்தாழ 61 கடல் மைல் தொலைவில் இருந்தது. மால்ட்டா நாடு அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு தூரம். ஆனால், அந்த நீர்ப்பரப்பு மால்ட்டாவின் மீட்புப் பொறுப்பில் வருகிறது. எனவே மால்ட்டாவைக் கேட்கச் சொன்னது இத்தாலி. இத்தாலியின் கடற்படைக் கப்பல் ஒன்று பக்கத்திலேயே இருந்தும், அதற்கு உடனே உத்தரவு போகவில்லை. இரு நாட்டு அதிகாரிகளும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, மாலை 5 மணி அளவில் படகு கவிழ்ந்தது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 60 பேர் குழந்தைகள்.

உயிர் பிழைத்தவர்கள் சிலர் ஐ.நா-வின் மனித உரிமைக் குழுவை நாடினார்கள். 2021 ஜனவரியில் வந்தது அதன் முடிவு. அழைப்பு வந்ததும் கப்பலை அனுப்பியிருந்தால், படகு மூழ்குவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பே உதவி போய்ச் சேர்ந்திருக்கும் என்றது குழு. அந்த மக்களின் உயிர்வாழும் உரிமையைக் காக்க இத்தாலி தவறிவிட்டது என்றும் சொன்னது.

கடலில் தத்தளிப்பவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் சர்வதேசச் சட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. ஐ.நா-வின் கடல் சட்ட ஒப்பந்தமும், 1979-ஆம் ஆண்டின் கடல் மீட்பு ஒப்பந்தமும் அதைத் தெளிவாகவே சொல்கின்றன. அவர் எந்த நாட்டவர், எதற்காக வந்தார் என்ற கேள்வியெல்லாம் கரைக்கு வந்த பிறகுதான். கடலைப் பங்கு பிரித்துக் கோடு போட்டதும் மீட்பு வேகமாக நடக்கட்டும் என்றுதான்.

பிறகு ஏன் இந்தத் தயக்கம்? விடை கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. டப்ளின் விதி என்று ஐரோப்பிய நாடுகளுக்குள் ஓர் ஏற்பாடு. அதன்படி, ஒருவர் முறையான அனுமதியின்றி முதலில் எந்த நாட்டில் கால்வைக்கிறாரோ, பெரும்பாலும் அந்த நாடுதான் அவருடைய அடைக்கல மனுவைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனிக்கோ, ஸ்வீடனுக்கோ போக நினைத்து வந்தாலும் சுமை இத்தாலிக்கு, கிரேக்கத்துக்கு, மால்ட்டாவுக்கு. ஆக, யார் காப்பாற்றுகிறாரோ அவர் தலையில்தான் அடுத்த பொறுப்பும் விழும் என்ற பயம். அந்தப் பயம்தான் போனை எடுப்பவரின் நாக்கைத் தயங்கவைக்கிறது.

ஒரு வருடம் நடந்த அதிசயம்

இரண்டு விபத்துகளுக்கும் பிறகு இத்தாலி சும்மா இருக்கவில்லை. 2013 அக்டோபர் 18 அன்று 'மாரே நோஸ்த்ரும்' என்ற மீட்புப் பணியைத் தொடங்கியது. லத்தீனில் 'நம் கடல்' என்று பொருள். கடற்படைக் கப்பல்கள் லிபியாவை ஒட்டிய கடல் வரை சென்று மக்களை மீட்டன. ஒரே ஆண்டில் கரைசேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,50,000 பேர். மாதச் செலவு சுமார் 90 லட்சம் யூரோ.

செலவைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லி மற்ற நாடுகளைக் கேட்டது இத்தாலி. போதுமான கைகள் நீளவில்லை. 2014 அக்டோபர் இறுதியில் பணி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த ஐரோப்பிய எல்லைக்காவல் அமைப்பின் 'ட்ரைட்டன்' பணிக்கு மாதம் சுமார் 29 லட்சம் யூரோதான். அதன் முதல் வேலையும் எல்லைக் கண்காணிப்பு. ஆறு மாதத்துக்குள், 2015 ஏப்ரல் 18 அன்று, லிபியாவுக்கு அருகே நூற்றுக்கணக்கானோருடன் ஒரு படகு மூழ்கியது. பிழைத்தவர்கள் 28 பேர் மட்டுமே. அதற்குப் பிறகுதான் ட்ரைட்டனின் நிதி மும்மடங்கானது.

தடுப்பதில் வந்த ஒற்றுமை

காப்பாற்றுவதில் வராத ஒற்றுமை, தடுப்பதில் சுலபமாக வந்தது. 2017 பிப்ரவரியில் இத்தாலி லிபியாவுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. லிபியக் கடலோரக் காவல்படைக்குப் பணமும் படகும் பயிற்சியும் கிடைக்கும். பதிலுக்கு அவர்கள் நடுக்கடலில் படகுகளை மறித்துத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.

இத்தாலியே நேரடியாகத் திருப்பி அனுப்ப முடியாதா என்று கேட்கலாம். 2009-ல் அதைச் செய்து பார்த்தார்கள். லம்பேடுசாவுக்குத் தெற்கே மறித்த சுமார் 200 பேரைத் தங்கள் கப்பலிலேயே ஏற்றி லிபியாவில் இறக்கினார்கள். அவர்களில் சோமாலியா, எரித்ரியாவைச் சேர்ந்த 24 பேர் தொடுத்த வழக்கில், அது தவறு என்று 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சித்ரவதைக்கு ஆளாகக்கூடிய இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, நடுக்கடலிலும் இந்த விதி பொருந்தும் என்பதே அதன் சாரம். ஐரோப்பியக் கப்பல் செய்யக் கூடாததை லிபியக் கப்பல் செய்கிறது என்பதுதான் புதிய ஒப்பந்தத்தின் மீதான விமர்சனம். லிபியத் தடுப்பு முகாம்களில் நடப்பவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள் என்று கருதப் போதிய காரணம் இருப்பதாக 2023 மார்ச்சில் ஐ.நா-வின் உண்மை கண்டறியும் குழு சொன்னது.

பாதுகாப்பும் முக்கியம்தானே? நிச்சயமாக. ஓட்டைப் படகில் ஆட்களைத் திணித்துப் பணம் பறிக்கும் கும்பல்களை ஒரு நாடு மட்டும் பிடித்துவிட முடியாது. அதற்கான ஐ.நா ஒப்பந்தம் 2000 டிசம்பரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது, லம்பேடுசாவுக்கு விமானம் புறப்படும் அதே பலெர்மோ நகரில்தான்! அதன் துணை ஒப்பந்தம் ஒன்று, கடத்தல்காரரைத் தண்டிக்கச் சொல்கிறது. கடத்தி வரப்பட்டார் என்பதற்காகவே ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தான் அரசுகள் மறந்துவிடுகின்றன.

தீவின் மனசு

மீட்கப்பட்டவர்கள் வந்து இறங்குவது ஃபவலோரோ துறைமேடையில். அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. வந்தவர்களை ஊருக்கு வெளியே உள்ள முகாமில் தங்கவைத்து, பிறகு கப்பலில் சிசிலிக்கு அனுப்புவார்கள். அதனால் ஒரு வாரம் தங்கிச் செல்லும் பயணி, அகதி ஒருவரைக்கூடப் பார்க்காமலே ஊர் திரும்பலாம்.

2023 செப்டம்பரில் அது முடியவில்லை. இரண்டே நாளில் சுமார் 7,000 பேர் வந்தார்கள். ஊர் மக்கள்தொகையைவிட அதிகம். முகாமில் இடம் இருந்ததோ 400 பேருக்கு. தெருவில் நின்றவர்களுக்கு ஊர்க்காரர்கள் வீட்டில் சமைத்து எடுத்துவந்து கொடுத்தார்கள். அதே மக்கள்தான், தீவில் புதிதாகக் கூடார முகாம் வருகிறது என்ற பேச்சு எழுந்ததும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். இதில் முரண் எதுவும் இல்லை. பசித்தவருக்குச் சோறு போட அவர்கள் தயங்கவில்லை. ஒரு கண்டத்தின் பொறுப்பு முழுவதையும் ஒரு தீவின் தலையில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

2024 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற புதிய சட்டத்தொகுப்பு இந்தக் கோரிக்கைக்குப் பாதி பதில் சொல்கிறது. 2026 ஜூனில் நடைமுறைக்கு வரும்படி நாள் குறிக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், முதலில் கால்வைத்த நாடே பொறுப்பு என்ற அடிப்படை மாறவில்லை. ஆனால், மற்ற நாடுகளும் பங்களிக்க வேண்டும். ஆட்களை ஏற்கலாம், பணம் தரலாம், அல்லது வேறு உதவி செய்யலாம். எத்தனை நாடுகள் பணத்தோடு நிறுத்திக்கொள்ளும், எத்தனை நாடுகள் கதவைத் திறக்கும் என்பதைப் பொறுத்தே லம்பேடுசாவின் பாரம் குறையும்.

தீவின் தென்முனையில், விமான நிலையத்துக்கு அருகே, கடலைப் பார்த்து நிற்கிறது 'ஐரோப்பாவின் வாசல்'. கடலில் இறந்தவர்களின் நினைவாக இத்தாலியச் சிற்பி மிம்மோ பலாதினோ வடிவமைத்து 2008-ல் திறக்கப்பட்டது. சுமார் 5 மீட்டர் உயரம், கதவு கிடையாது. சுவரில் செருப்புகளும் கிண்ணங்களும் சுடுமண்ணில் பதிந்திருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 3 அன்று, அந்த இரவில் பிழைத்தவர்களும், இறந்தவர்களின் உறவினர்களும் ஐரோப்பாவின் வெவ்வேறு நாடுகளிலிருந்து வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் அவர்களோடு சேர்ந்து அந்த வாசல் வரை நடக்கிறார்கள். பிறகு படகேறி, 368 பேர் மூழ்கிய இடத்துக்குப் போய், கடலில் மலர் தூவித் திரும்புகிறார்கள்.