வேறிடத்தில் நின்று உதவுதல்



வழக்கமாக இப்பக்கத்தில் இலக்கணமும் வகுப்பறை அனுபவங்களும் இடம்பெறும். இம்முறை ஒரு மருந்தைப் பற்றி எழுதுகிறேன். ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சற்றே பொறுத்து வாசியுங்கள்.

என் தந்தையார் காஜாங் வட்டாரத் தோட்டமொன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். மரத்தின் உயிர்ப்பகுதியைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவும் நிதானம் அவர் கைக்கு இருந்தது. அந்தக் கை நடுங்கத் தொடங்கியபோது மூப்பு என்றே எண்ணினோம். நடை குறுகியது. சட்டைப் பொத்தானைப் பூட்டக் கால்மணி நேரம் ஆனது. இது பார்க்கின்சன் நோய் என்றார் மருத்துவர். லெவோடோப்பா மாத்திரை தொடங்கியது.

ஒரு தீபாவளி நாளில் நான் செய்த பிழையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உறவினர் வரும் நேரத்தில் அப்பா எழுந்து நடமாடவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மருத்துவரைக் கேளாமல் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்திற்குள் அவருடைய கழுத்தும் தோளும் தாமாக நெளியத் தொடங்கின. விருந்தினர் போனபின் அப்பா கேட்டார்: “ஏன்டா, அந்த மாத்திரை எனக்கா, வந்தவங்களுக்கா?”

அக்கேள்விதான் என்னைப் படிக்கவைத்தது.

லெவோடோப்பாவிற்கும் தமிழ்மண்ணிற்கும் ஓர் உறவு உண்டு. சித்த மருத்துவத்தில் பயன்படும் பூனைக்காலி விதையிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் அறிக்கை வெளியிட்டவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அதன் அருமை பின்னரே புலப்பட்டது. 1957இல் சுவீடன் அறிஞர் அர்விட் கார்ல்சனும் அவர்தம் குழுவினரும், ரெசர்பின் என்னும் மருந்தினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோப்பாவைச் செலுத்தினர். அவை எழுந்து நடமாடின. மூளையில் டோப்பா டோப்பமினாக மாறுகிறது. உடலசைவுக்கு டோப்பமின் வேண்டும் என்பது தெளிவாயிற்று. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

டோப்பமின் ஒரு தூதுப்பொருள். செல்லின் மேற்சவ்வில் அதனைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை ‘ஏற்பி’ என்பர். டோப்பமினுக்கு 5 வகை ஏற்பிகள் உள்ளன. இந்த இடத்தில் என் பழைய மாணவி ஒருவர் துணைக்கு வந்தார். என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்றவர். இப்போது மருந்தியல் படிக்கிறார். அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன்.

ஏற்பி ஓயாது தூண்டப்பட்டால் செல் தன்னைக் காத்துக்கொள்ளும். ஏற்பியின் உட்பக்கத்தில் பாஸ்பேட் குறிகள் பொருத்தப்படும். அவற்றைக் கண்டு அரெஸ்டின் என்னும் புரதம் வந்து ஒட்டிக்கொண்டு, செய்தி செல்லும் வழியை மறிக்கும். பிறகு சவ்வு உள்நோக்கிக் குழிந்து, ஏற்பியைச் சிறு பையில் இட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். சில ஏற்பிகள் மேலே திரும்பும், சில சிதைக்கப்படும். இக்குடும்ப ஏற்பிகளை ஆராய்ந்த இலெஃப்கோவிட்சும் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

“அப்பாவின் கழுத்து நெளிந்ததும் இதனால்தானா?” என்று கேட்டேன். “இல்லை சார், அது வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்” என்று திருத்தினார். மாணவர் நம்மைத் திருத்துவதும் ஓர் இன்பமே.

டோப்பமினின் இருக்கையில் தானே அமர்ந்து ஏற்பியைத் தூண்டும் மருந்துகள் பல உண்டு. இன்னொரு வகை மருந்து அந்த இருக்கையைத் தொடுவதேயில்லை. ஏற்பியின் வேறோர் இடத்தைப் பற்றி, அதன் வடிவத்தைச் சற்றே மாற்றும். அதன்பின் டோப்பமினின் சிறு குரலும் நன்கு கேட்கும். இதனை ‘அல்லோஸ்டெரிக்’ என்பர். ‘அல்லோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ‘வேறு’ என்று பொருள். ‘வேற்றிட மருந்து’ என நாம் அழைக்கலாமே! டி1 ஏற்பிக்கென ஆராயப்பட்ட மெவிடாலன் இவ்வகையினது. அது பற்றும் இடம் செல்லின் உட்பக்கத்தை ஒட்டி இருப்பதை 2021இல் வெளியான அமைப்பு ஆய்வுகள் காட்டின. அதன் உறவான மற்றொரு மருந்தை எலிகளுக்கு மீண்டும் மீண்டும் கொடுத்தபோதும் பலன் மங்கவில்லை.

ஆனால் எல்லா வேற்றிட மருந்தும் ஒரே தன்மையுடையன அல்ல. சில, செய்தியை மட்டும் பெருக்கலாம்; சில, அரெஸ்டினின் வரவையும் சேர்த்தே பெருக்கலாம். ஆய்வாளர் இரண்டையும் தனித்தனியே அளக்கவேண்டும். மனிதரிடமும் வெற்றி முழுமையாக வரவில்லை. இலூயி உடல் மறதிநோய் உடைய 344 பேரிடம் 12 வாரம் மெவிடாலன் சோதிக்கப்பட்டது. முடிவு 2022இல் வெளியானது. உடலசைவு மேம்பட்டது, முதன்மை இலக்காகிய அறிவாற்றலில் மேம்பாடு தெரியவில்லை. மேலும், தூதுப்பொருள் அறவே இல்லாத இடத்தில் இவ்வகை மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யவியலாது. பெருக்குவதற்கு முதலில் ஒரு குரல் வேண்டும்.

இதைப் படித்தபோது மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். வாசிக்கத் தடுமாறுவான். நான் குரலை உயர்த்தினேன். ஒட்டுவில்லைகளை அள்ளிக் கொடுத்தேன். அவன் வாயைத் திறக்குமுன் சொல்லை நானே சொல்லிவிட்டேன். நாளடைவில் அவன் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டான். ஒருநாள் களைப்பினால் பேசாமல் அவன் பக்கத்தில் அமர்ந்து, வரியின்கீழ் அடிக்கோலை மட்டும் வைத்துப் பிடித்தேன். நெடுநேரம் கழித்து, “மழை... பெய்... தது” என்று அவனே வாசித்தான். குழந்தை ஏற்பியன்று என்பதை அறிவேன். ஆயினும் அவனுடைய இருக்கையில் நான் அமர்ந்திருந்தேன் என்பது உண்மை.

பெற்றோர்களே, பிள்ளைக்கு நாம் கூட்டிக் கொடுக்கும் பாடமும் பரிசும் அதட்டலும் அவனுக்கா, வந்தவர்களுக்கா?

அப்பாவின் மாத்திரையை இப்போது மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கிறேன். அவர் பொத்தான் பூட்டும்போது என் கை தானாக நீளும். மடக்கிக்கொண்டு, சட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். இன்று காலை நான்கு பொத்தான்களையும் அவரே பூட்டினார். ஒன்று மட்டும் துளை மாறியிருந்தது. நான் திருத்தவில்லை.