வாப்பாவிடம் கேட்காத கேள்வி

2019ஆம் ஆண்டு ரமளானில், நோன்பு திறக்கும் வேளையில் வாப்பாவின் குவளையில் இளநீரை ஊற்றியவள் நான்தான். இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார்கள். நோன்பு நோற்க இயலாத ஏக்கம் அவர்களுக்கு. எங்களோடு அமர்ந்து உண்ணவாவது செய்யட்டுமே என்று பேரீத்தம் பழங்களையும் முன்னே வைத்தேன். அன்று திங்கட்கிழமை. வெள்ளிக்குப் பின் இரத்தம் சுத்திகரிக்கப்படவில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, மருத்துவமனையில் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே வாப்பாவின் இதயம் நின்றது.

இளம் மருத்துவர் ஒருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நிமிடத்திற்கு 100 முறைக்குக் குறையாமல், 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டுமாம். விலா எலும்பு முறியும் ஓசை கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. கேட்டதாக இன்றும் தோன்றுகிறது.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால், அது இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்தியேவிடும். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, வாப்பாவுக்கு 8ஐத் தாண்டியிருந்தது. இளநீரிலும் பேரீத்தம் பழத்திலும் அது மிகுதி. ஆயினும் நம்பிக்கைக்கு இடமளித்ததும் அக்காரணமே. அதை நீக்க வழி உண்டு. நரம்பில் செலுத்திய கால்சியம் இதயத்தைக் காத்தது. குளுக்கோஸுடன் சேர்த்துக் கொடுத்த இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளியது. பின்னர் டயாலிசிஸ் அதை உடலிலிருந்தே அகற்றியது. அல்ஹம்துலில்லாஹ், மூன்றாம் நாள் வாப்பா என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். இளநீரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

"மீண்டும் இதயம் நின்றால் என்ன செய்யலாம்?" என்று மருத்துவர் எங்களைத் தனியே அழைத்துக் கேட்டார். 2000 முதல் 2011 வரை அமெரிக்க மருத்துவமனைகளில் இவ்வாறு நெஞ்சழுத்தம் பெற்ற டயாலிசிஸ் நோயாளிகளுள், 100க்குச் சுமார் 22 பேரே உயிரோடு மருத்துவமனையை விட்டுச் சென்றார்கள் என்றும் சொன்னார். "முடிந்ததையெல்லாம் செய்யுங்கள்" என்றார் காக்கா. நானும் தலையசைத்தேன்.

அன்றிரவு அதை வாப்பாவிடம் சொன்னபோது அவர்களின் முகம் வாடியது.

"என்னிடம் ஏன் கேட்கவில்லை, மகளே?"

என்னிடம் பதில் இல்லை. சற்று நேரங்கழித்து அவர்களே சொன்னார்கள்: "இம்முறைபோல் தீர்க்கக்கூடிய காரணமாயிருந்தால் அழுத்தட்டும். வலியைப் பொறுத்துக்கொள்வேன். பயனில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டால், நெஞ்சில் கை வைக்க வேண்டாம். காதருகே கலிமா சொல்லுங்கள்."

மார்க்கம் இதற்கு இடந்தருமா என்று காக்கா தயங்கினார். நம்பத்தகுந்த மூன்று மருத்துவர்கள் பயனில்லை என ஒருமித்துக் கூறினால் இதயத்தை மீட்கும் முயற்சியைத் தவிர்க்கலாம் என, ஹிஜ்ரி 1409இல் சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு கூறியிருப்பதை எங்கள் ஆலிம் எடுத்துரைத்தார்.

2021இல் இரத்தத்தில் கிருமி பரவி, வாப்பா செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தார்கள். மூன்று மருத்துவர்களும் ஒன்றையே சொன்னார்கள். காக்கா என்னைப் பார்த்தார். வாப்பா சொல்லிவைத்ததை நான் மருத்துவரிடம் சொன்னேன். பிறகு காக்கா வலப்பக்கமாகக் குனிந்து, கலிமாவை மெல்ல ஓதத் தொடங்கினார்.