'டக்' என்று ஒரு சத்தம்

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கடற்காற்றுக்குப் பஞ்சமில்லை. கூடவே வரும் உப்பு, ஜன்னல் கம்பியிலிருந்து சைக்கிள் வரை எதையும் ருசி பார்க்காமல் விடுவதில்லை. ஆகவே, என் 14 வயதுக் கார் மூன்றாவது கியரை விட்டு நகரமாட்டேன் என்று சண்டித்தனம் செய்தபோது, முதலில் உப்பைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

கியர் தானாகவே மாறுகிற ரகம் அது. ஆடம்பரத்துக்காக வாங்கியதல்ல, வாசகர்களே! இளம்பிள்ளை வாதம் கண்ட என் இடது காலுக்கு கிளட்சை மிதிக்கும் தெம்பு கிடையாது. இந்தக் கார் போய்விட்டால் கடைத்தெருவுக்குக்கூடப் பிறர் தயவுதான்.

பட்டறையில் காரின் கணினியைக் கேட்டார்கள். 'பி 0753' என்றது. உடனே, "கியர் பெட்டியையே மாத்தணும், சார்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்குக் கேட்ட தொகைக்கு என் காரே விலை போகாது!

அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன? 'ஏ' என்ற ஷிப்ட் சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு, அவ்வளவுதான். கம்பியாக இருக்கலாம், இணைப்பாக இருக்கலாம், சோலனாய்டாகவும் இருக்கலாம். பெட்டிக்குள் பல் உடைந்தது என்று கணினி சொல்லவே இல்லை.

சோலனாய்டு என்றதும் மிரண்டுவிடாதீர்கள். பெயர் வைத்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி ஆம்பியர்; குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். செப்புக் கம்பிச் சுருள், நடுவே ஓர் இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகித் தண்டை இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குத் தள்ளும். தண்டு நகரும்போது எண்ணெய் போகும் வழி திறக்கும் அல்லது மூடும். அந்த எண்ணெயின் அழுத்தம்தான் கியரை மாற்றுகிறது. 1939-ல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி தானியங்கிக் கியரைக் கொண்டுவந்தபோது எல்லாம் எண்ணெயும் வால்வும்தான். கணினி எஜமானனாக வந்த பிறகு, அதன் உத்தரவை எண்ணெய்க்கு எடுத்துச் சொல்லும் சேவகன் இந்தச் சோலனாய்டு.

எங்கள் குடியிருப்புக்கு அருகே குப்பத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். படகு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுவதில் சூரன். அவன் கைகளும் என் மல்ட்டிமீட்டரும் கூட்டுச் சேர்ந்தன. பெட்டிக்கு வெளியே உள்ள இணைப்பைக் கழற்றினோம். பச்சைக் களிம்பு ஏதுமில்லை, உப்பு நிரபராதி! நல்ல சோலனாய்டுக்கு 11 முதல் 15 ஓம் தடை இருக்கவேண்டும் என்று என் காரின் கையேடு சொன்னது. 'பி' 13 காட்டியது. 'ஏ'யில் மின்னோட்டமே இல்லை. உள்ளேதான் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டுகள் கொடுத்து, எண்ணெய் ஆறிய பின் வடித்து, அடித்தட்டைக் கழற்றினான் பையன். எனக்கு நெஞ்சு படபடத்தது அப்போதுதான். அந்தத் தட்டில் காந்தம் ஒன்று இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வயசுத் தேய்மானம். உலோகச் சில்லுகள் மின்னினால் பட்டறைக்காரர் சொன்னதே தீர்ப்பு. பையன் விரலால் வழித்துக் காட்டினான். கண்மை போல வழவழவென்றிருந்தது. ஒரு சில்லுகூட இல்லை!

சோலனாய்டை வெளியே எடுத்து மறுபடி அளந்தேன். அறுந்ததுதான். ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் புதிது வாங்கி வந்து, மாட்டுமுன் 12 வோல்ட் பாட்டரியில் ஒரு விநாடி தொட்டோம். 'டக்!' பழையதைத் தொட்டோம், பேச்சு மூச்சில்லை.

"இன்னா சார், இத்துனூண்டு சாமானுக்கா வண்டிய விக்கப் பாத்தீங்க?" என்றான் பையன்.

(இந்தப் பரீட்சை, திறந்து மூடும் ரகத்துக்கு மட்டும். அழுத்தத்தை ஏற்றி இறக்கும் லீனியர் ரகத்துக்குத் தடை குறைவு; நேரே பாட்டரியில் கொடுத்தால் சுருள் கருகிவிடலாம்.)

புது கேஸ்கட் வைத்துத் தட்டை மூடி, கையேடு சொன்ன ரக எண்ணெயையே ஊற்றினோம். இன்ஜினைச் சூடேற்றி, ஓடவிட்டபடியே அளவு பார்த்தோம். கணினியின் குற்றப்பத்திரிகையை அழித்துவிட்டு, கலங்கரை விளக்கம் வரை போய் வந்தோம். பக்கத்தில் உட்கார்ந்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஒவ்வொரு கியராக எண்ணிக்கொண்டே வந்தான் பையன்.

வடித்த எண்ணெயைக் கேனில் அடைத்து, கழிவெண்ணெய் வாங்கும் ஆளிடம் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அடையாற்று முகத்துவாரம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். அவன் அப்பா வலை வீசுவது அங்கேதான்.