சண்டைக்காரங்ககிட்ட எப்படி நடந்துக்கிறது?



எந்த ஊருக்குப் போனாலும் சண்டைக்குன்னே சில பேர் இருப்பாங்க. நம்ம பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்கள்லயும் இருக்காங்க. அவங்களைப் பத்தி நான் பார்த்ததையும் யோசிச்சதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லணும். கோபப்படுறவங்க எல்லாரும் சண்டைக்காரங்க கிடையாது. இன்னொரு போட்டு வந்து வலையைக் கிழிச்சிட்டுப் போனா வலைக்காரர் கத்தத்தான் செய்வார். அது கடன் வாங்கிப் போட்ட வலை. வலைக்கு ஒரு வழி பண்ணினா அவர் கோபமும் அதோட போயிடும். ஏலத்தில் நியாயமான விலை கேட்கிற அம்மாவைக் கூட சிலர் "சண்டைக்காரி" என்கிறார்கள். அது ரொம்பத் தப்பு. உரிமையைக் கேட்கிறது வேற, வம்பு வளர்க்கிறது வேற.

நிஜமான சண்டைக்காரங்களுக்கு நான் பார்த்த அடையாளங்கள் நான்கு:

1. விஷயத்தை விட்டுட்டு ஆளைப் பிடிப்பாங்க. குடத்தில் ஆரம்பிச்சு நம்ம தாத்தா வரைக்கும் போயிடுவாங்க.
2. எப்பவும் தப்பு அடுத்தவங்க மேலதான்.
3. கூட்டம் கூடினா குரல் ஏறும். கூட்டம் கலைஞ்சா குரலும் இறங்கிடும்.
4. இந்த மாசம் ஒருத்தரோட சண்டை, அடுத்த மாசம் வேற ஒருத்தரோட. ஆள்தான் மாறும், சண்டை மாறாது.

எங்க தெருவில் ஒரே ஒரு குழாய்தான். தண்ணியும் கொஞ்ச நேரம்தான் வரும். அங்கே ஒரு அக்கா (பேர் வேண்டாம்) தினமும் யாரையாவது பேசிடுவாங்க. ஒருநாள் எங்க அம்மாவை எல்லார் முன்னாடியும் பேசக்கூடாத வார்த்தை பேசிட்டாங்க. அம்மா பதில் பேசலை. ஆனா அன்னையிலிருந்து அந்தக் குழாய்க்குப் போகவே இல்லை. எட்டு மாசம் பக்கத்துத் தெருவுக்குப் போய்தான் தண்ணி தூக்கினோம். மீன் கூடையும் சுமந்து, தண்ணியும் சுமந்து அம்மாவுக்கு இடுப்பு வலி வந்துடுச்சு. எனக்குக் காலையில் முதல் பீரியடே போயிடும். சண்டை போட்டவங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒதுங்கிப் போன எங்களுக்குத்தான் நஷ்டம். "பேசாம ஒதுங்கிப் போ"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது மட்டும் போதாதுன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

எங்க ஆயாதான் ஒரு வழி சொன்னாங்க. "ஏரியிலயே பாடு போட்டுத்தானே பொழைக்கிறோம். ஒரு குழாய்க்குப் போட முடியாதா?"

பாடு முறை நம்ம குப்பத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எல்லா இடத்திலும் எறா ஒரே மாதிரி கிடைக்காது. கடல் தண்ணி உள்ளே வருகிற முகத்துவாரத்துப் பக்கம்தான் அதிகம். எல்லாரும் அங்கேயே வலை போட்டா தினமும் அடிதடிதான். அதனால் நம்ம முன்னோர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, இன்னைக்கு இந்த இடத்தில் இவங்க வலை, நாளைக்கு அவங்க வலைன்னு முறை வைத்தார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் எறா பிடிக்கிற இடத்துக்கு இதே மாதிரி சீட்டுப் போடுகிறார்கள். சீட்டுக்குக் காது கிடையாது. எவ்வளவு கத்தினாலும் அதுக்குக் கேட்காது. நல்லவருக்கும் சண்டைக்காரருக்கும் ஒரே முறைதான்.

ஆனா பாடு முறையிலும் ஒரு குறை இருக்கு. ஏரியை நம்பி வாழ்கிற எல்லாருக்கும் அதில் பங்கு இல்லை. பங்கு இல்லாதவங்க கேள்வி கேட்டா அதை வம்புன்னு சொல்ல முடியுமா? முறைன்னு வைத்தா அதில் எல்லாரும் இருக்கணும்.

எங்க தெருப் பெண்கள் சீட்டு எழுத உட்கார்ந்தப்போ, "அவ பேரை எழுதாதீங்க"ன்னு சிலர் சொன்னாங்க. எங்க அம்மாதான், "அவங்க வீட்லயும் தாகம் எடுக்குமில்ல, எழுதுங்க"ன்னு சொன்னாங்க. முறையை எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். முதல் வாரம் அந்த அக்கா கத்தினாங்க. யாரும் சண்டைக்குப் போகலை. "அக்கா, இன்னைக்கு நீங்க அஞ்சாவது"ன்னு மட்டும் எல்லாரும் சொன்னாங்க. தினமும் அதே வார்த்தைதான், கூட ஒண்ணு குறைய ஒண்ணு கிடையாது. கத்தல் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது.

அந்த அக்கா மாறிட்டாங்கன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். கோழி வீட்டுக்குள்ள வந்துடுச்சுன்னு போன வாரம் கூட ஒரு சண்டை. அம்மாவும் இன்னும் அவங்களோட பேசறதில்லை. ஆனா எங்க குழாயில்தான் தண்ணி பிடிக்கிறோம். நானும் முதல் மணிக்கே பள்ளிக்கு வந்துடுறேன்.

வள்ளுவர் வெகுளாமைக்குன்னு ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அது நம்ம கோபத்தை அடக்க. அடுத்தவங்க கோபத்தை நம்மால் அடக்க முடியாது. அதுக்கு முறைதான் வேணும்.

நண்பர்களே, நம்மால் முடிந்தவை இவை: கத்துறவங்ககிட்ட விஷயத்தை மட்டும் சின்னதா சொல்லுங்க. சுத்தி நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. இவங்க சொன்னதை அவங்ககிட்ட கொண்டு போகாதீங்க. சண்டை வருவதற்கு முன்னாடியே முறையை எழுதி வையுங்க. சத்துணவு வரிசைக்கும் விளையாட்டுப் பந்துக்கும் கூட எழுதலாம். கை நீட்டினா மட்டும் பொறுத்துக்கொள்ளாதீங்க. உடனே ஆசிரியரிடம் சொல்லுங்க. 1098 என்ற எண்ணுக்கும் பேசலாம். பிள்ளைகளுக்கு உதவத்தான் அந்த எண் இருக்கு.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி