மிளகாய்க்கு ஒரு விளக்கு

ராஜபாளையத்தில் வெயிலுக்கா பஞ்சம் என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான்! கையிலிருப்பதோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா கடைசியாகக் காயவைத்த மிளகாயின் பத்தே விதைகள். அங்கே கொல்லையில் விதைத்தால் கோழி கீறிவிடும். இருட்டில் முளைத்தால் நாற்று நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

கடைக்காரர் ஊதா விளக்கை நீட்டினார். விலை யானை விலை. நான் வாங்கியது 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப். 6500 கெல்வின் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் அந்த வெள்ளைக்குள்ளேயே உண்டு. குண்டு பல்பு தருவது பெரும்பாலும் சூடுதான். ஒரு சாண் உயரத்தில் தொங்கவிடுங்கள். தினம் 14 மணி எரித்தாலும் 0.28 யூனிட்தான், இரவில் அணைத்துவிடுங்கள்.

"மிளகாய்க்குத் தீபாராதனையா?" என்று மதினிக்குக் கேலி. இருக்கட்டும், நாற்பதாம் நாள் நாற்றுகள் அவளோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறப்போகின்றன. எட்டு முளைத்திருக்கின்றன.