கூடி வாழும் மீன்கள்

பல வகை மீன்களை ஒரே தொட்டியில் வளர்க்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் வீட்டுத் தண்ணீரை. சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீர் கடினநீர். குழாயிலும் வாளியிலும் படியும் வெள்ளைக் கறையே அதைச் சொல்லிவிடும். மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த மோலி, பிளாட்டி, ஸ்வோர்டுடெயில், தென்னமெரிக்காவின் வடபகுதியைச் சேர்ந்த கப்பி ஆகியவை அந்தத் தண்ணீரில் நன்றாக வாழும். நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் படுகையின் அமிலத்தன்மை கொண்ட மென்னீருக்குப் பழகிய இனங்கள். பண்ணையில் பிறந்த நியான் ஓரளவு வளைந்துகொடுக்கும் என்றாலும், தண்ணீரை மீனுக்கேற்ப நாளெல்லாம் மாற்றிக்கொண்டிருப்பதைவிடத் தண்ணீருக்கேற்ற மீனை வாங்குவதே நல்லது.

அடுத்தது வெப்பம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். தங்கமீனுக்கு 18 முதல் 22 டிகிரி உகந்தது. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் இரண்டும் அடுத்தடுத்த தொட்டிகளில் நீந்தலாம். வீட்டில் ஒரே தொட்டியில் விட்டால் ஏதோ ஒன்று எப்போதும் அவதிப்படும். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் குறையும். அதிகம் தின்று அதிகம் கழிவிடும் தங்கமீனுக்குச் சென்னைக் கோடை இரட்டைச் சுமை.

கடையில் விற்கப்படுபவை பெரும்பாலும் குஞ்சுகள் என்பதால், வாங்கும் நாளின் அளவை நம்பிச் சேர்க்கை முடிவு செய்யக் கூடாது. ஐந்து ரூபாய் நாணயம் அளவுள்ள ஏஞ்சல் குஞ்சு நியான்களுக்கு நடுவே சாதுவாகத் திரியும். சில மாதங்களில் அதன் உடல் உள்ளங்கை அளவுக்கு விரிகிறது. நியானோ ஒன்றரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு நாள் காலையிலும் நியான்களின் எண்ணிக்கை குறையும். அது ஏஞ்சலின் கொடூரம் அல்ல. வாய்க்குள் அடங்குவதை இரையாகக் கொள்வது மீனின் இயல்பு. விரல் நீளத்தில் வாங்கும் ஆஸ்காரும், பாசி தின்னும் என்று விற்கப்படும் சக்கரும் ஓரடியையும் தாண்டி வளரும். இரண்டடித் தொட்டியில் இவற்றுக்கு இடமில்லை.

குணம் நான்காவது கணக்கு. டைகர் பார்ப் அசைந்தாடும் நீண்ட துடுப்புகளைக் கொத்தும். கப்பியின் விசிறி வால் முதலில் ஓரத்தில் கிழியும், பிறகு கிழிசலில் வெண்பூஞ்சை பற்றும், இறுதியில் மீன் மூலையில் ஒதுங்கிவிடும். டைகர் பார்ப்பை எட்டுக்குக் குறையாத கூட்டமாக வளர்த்தால் சீண்டலின் பெரும்பகுதி தமக்குள்ளேயே நடந்துவிடும். அப்போதும் நீள்வால் மீன்களை அதனுடன் விடாமலிருப்பதே பாதுகாப்பு. ஆண் ஃபைட்டர், பகட்டான வாலுள்ள ஆண் கப்பியைப் போட்டியாளனாக எண்ணிப் பாயக்கூடும். டெட்ரா, கோரிடோராஸ் போன்ற கூட்ட மீன்கள் ஐந்தாறுக்குக் குறைந்தால் மிரண்டு ஒளியும், நிறமும் மங்கும்.

தொட்டியின் மேல், நடு, அடி என்ற மூன்று அடுக்குகளையும் பங்கிட்டுக்கொண்டால் நெரிசல் குறையும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 முதல் 50 லிட்டர் மிஞ்சும். கடினநீருள்ள வீட்டில் அதற்குப் பொருத்தமான ஒரு சேர்க்கை: மேலே ஆறு ஜீப்ரா டேனியோ, நடுவில் ஐந்து பிளாட்டி, அடியில் கடினநீரைத் தாங்கும் வெண்கலக் கோரிடோராஸ் ஐந்து. பிளாட்டி குட்டி போட்டுப் பெருகுவதால் தொடக்கத்தில் எண்ணிக்கையை அடக்கி வைக்க வேண்டும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண்கள் இருந்தால் எந்தப் பெண்ணும் ஓயாத துரத்தலுக்கு ஆளாகாது. கோரிடோராஸ் மீசையால் தரையைத் துழாவித் தின்பதால் கூரான சரளைக்கு மாறாக மென்மணலே ஏற்றது.

நல்ல சேர்க்கையும் அவசரத்தில் கெடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆகும். அதன்பின் சில மீன்களாக, சில நாள் இடைவெளி விட்டுச் சேர்க்க வேண்டும். சாதுவானவை முதலில், இடம்பிடித்துச் சண்டையிடுபவை கடைசியில். பிற்பாடு வாங்கும் ஒவ்வொரு மீனையும் இரண்டு வாரமாவது தனித்தொட்டியில் வைத்து நோயில்லை என்று உறுதி செய்த பிறகே கூட்டத்தில் விடலாம்.

இத்தனைக்குப் பிறகும் பொருந்தாத மீனைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம்; பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். ஏரியிலோ ஆற்றிலோ ஒருபோதும் விடக் கூடாது. அப்படி விடப்பட்ட சக்கர் மீன்கள் தமிழ்நாட்டு, கேரள நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துவருகின்றன. அவற்றின் முட்கள் மீனவர் வலைகளையும் கிழிக்கின்றன.