கை விடுவதும் கைவிடுவதும்

சாணார்பட்டி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் நடத்துகிறேன். விடைத்தாள் திருத்தும்போது எழுத்துப் பிழையைவிட என் சிவப்புப் பேனாவை அதிகம் நிறுத்துவது ஓர் இடைவெளிதான். 'எவ்ரிடே' என்று சேர்த்து எழுதுவதா, 'எவ்ரி டே' என்று பிரித்து எழுதுவதா? 'மேபி'யா, 'மே பி'யா? 'ஆல்ரெடி'யா, 'ஆல் ரெடி'யா?

'எவ்ரிடே' சேர்த்தால் பெயரடை, பிரித்தால் வினையடை என்று ஒவ்வொன்றுக்கும் இலக்கணப் புத்தகம் பட்டியல் போடும். அதை மனப்பாடம் செய்த பிள்ளை பரீட்சையில் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வாரம் லீவ் லெட்டரில் தடுமாறும். அதனால் நான் தமிழிலிருந்துதான் தொடங்குவேன். கரும்பலகையில் இரண்டு வாக்கியம்: 'பானைக்குள் கை விட்டான்.' 'நண்பனைக் கைவிட்டான்.' முதலாவதில் இருப்பது நிஜமான கை. இரண்டாவதில் கையே இல்லை. இதை எந்தப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை. "இங்கிலீஷ்லயும் இப்படித்தானா சார்?" என்று யாராவது கேட்பார்கள். அங்கேதான் பாடம் ஆரம்பம்.

நடுவில் ஒரு சொல்லை நுழைத்துப் பார்க்கச் சொல்வேன். பானைக்குள் கையை மெல்ல விடலாம். நண்பனைக் கையை மெல்ல விட முடியாது. அதுபோல 'எவ்ரி சிங்கிள் டே' பள்ளிக்கு வரலாம், அதாவது ஒரு நாள் தவறாமல். ஆனால் 'எவ்ரிடே டிரஸ்', அன்றாடம் உடுத்தும் சாதாரண உடை. அதற்கு நடுவே எதுவும் நுழையாது. 'ஷி மே பி அட் ஹோம்' என்பதில் 'நாட்' நுழையும், ஆகவே இரண்டு சொல். 'பெர்ஹாப்ஸ்' போட்டாலும் பொருள் மாறாத இடத்தில் 'மேபி' ஒரே சொல். 'வி ஆர் ஆல் ரெடி' என்பதில் 'ஆல்' போனாலும் 'வி ஆர் ரெடி' நிற்கும். 'ஹி ஹேஸ் ஆல்ரெடி லெஃப்ட்' என்பதில் 'ஆல்' போனால் வாக்கியமே உடைந்துவிடும்.

காதும் உதவும். 'மேபி' என்னும்போது அழுத்தம் முதல் அசையில் விழும். 'மே பி' என்னும்போது 'மே' தளர்ந்து ஒலிக்கும். உரக்க வாசிக்காத வகுப்பில் இது பிடிபடாது.

கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை எல்லாம் ஆன்லைனுக்கு வந்தபிறகு 'லாகின்', 'லாக் இன்' குழப்பமும் சேர்ந்துகொண்டது. இறந்தகாலத்தில் சொல்லிப் பார்த்தால் தெளிந்துவிடும். 'லாக்டு இன்' என்று வருகிறதல்லவா, வினையாக வரும்போது அது இரண்டு சொல். பெயராக வரும்போது மட்டும் ஒன்று.

எல்லாவற்றிலும் நான் கறாராக இருப்பதில்லை. 'டுடே' என்பதையே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நடுவில் சிறு கோடு போட்டுத்தான் பலர் அச்சிட்டார்கள். 'ஆல்ரைட்' இன்னும் வழக்கிலே இருக்கிற சண்டை. அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன். 'எ லாட்' விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது என்றைக்கும் இரண்டு சொல்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் பொதுமொழி என்று பெயர் வைத்தது, சேர்ந்தால் ஒரு பொருள், பிரிந்தால் வேறு பொருள் என்கிற இந்த விஷயத்துக்கு மிக நெருங்கிய சங்கதி. 'வேங்கை' சேர்ந்து நின்றால் மரம். 'வேம் கை' என்று பிரிந்தால் வேகிற கை. 'எட்டு' ஓர் எண். 'எள் து' என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். பத்தாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பீரியடில் இதைப் படித்துவிட்டு, அடுத்த பீரியடில் 'எவ்ரிடே'யைப் புது நோய்போலப் பார்க்கிறது. இரண்டு பாடத்தையும் இணைத்துக் காட்ட ஆளில்லாததே காரணம்.

சக ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: தமிழய்யா பொதுமொழி அடங்கிய மூவகை மொழிப் பாடம் நடத்துகிற அதே வாரத்தில் இந்த இங்கிலீஷ் சொற்களையும் வகுப்புக்குக் கொண்டுபோங்கள்.